சின்சினாட்டி சில்லியும் கெட்டாவும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில் சின்சினாட்டிக்குப் பக்கத்தில் மேசனில் இருக்கிறோம். ஸ்பகெட்டி மேல் ஊற்றும் இந்த ஊர்ச் சில்லி என்ற கறிச் சாஸ் வீட்டில் எல்லோருக்கும் பிடித்துப்போனதால் நானே செய்துபார்த்தேன். எண்ணெயில் வெங்காயம், பூண்டு வதக்கி, மாட்டுக் கொத்துக்கறியைச் சிவக்க வறுத்து, தக்காளியும் மசாலாவும் சேர்த்தேன். கறி கட்டி கட்டியாக நின்றது. தண்ணீர் பிரிந்து ஸ்பகெட்டிக்கு அடியில் ஓடியது. காரம் தாங்கவில்லை. கறியும் ஓட்ஸும் சேர்த்துப் பொரிக்கும் கெட்டாவும் செய்தேன், வாணலியில் போட்டதும் கஞ்சியாகிவிட்டது. எங்கே தப்பு?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தப்பு எண்ணெயில் தொடங்குகிறது. கொத்துக்கறியைக் கண்டால் நம் கை வதக்கத்தான் போகும். இந்தச் சில்லிக்கு வதக்கலும் இல்லை, தாளிப்பும் இல்லை. பச்சைக் கறியைப் பச்சைத் தண்ணீரில் கரைத்துத்தான் அடுப்பில் ஏற்ற வேண்டும்.

சூடான எண்ணெயில் விழுந்த கறி சுருங்கி, பக்கத்துத் துணுக்கோடு ஒட்டி இறுகிவிடும். அதன்பின் எவ்வளவு நேரம் வெந்தாலும் நன்றாகப் பிரியாது. 900 கிராம் கொத்துக்கறியை ஒரு லிட்டர் குளிர்ந்த நீரில் போட்டு, புளி கரைப்பதுபோல விரல்களால் கரையுங்கள். நீர் கலங்கி, கட்டி ஒன்றுகூடக் கையில் படக்கூடாது. பிறகு மெல்லச் சூடேற்றினால் ஒவ்வொரு துணுக்கும் தனித்தனியாக வெந்து மணல்போல நிற்கும். கொதி வந்ததும் மேலே திரளும் அழுக்கு நுரையை எடுத்துவிடுங்கள்.

இனி மற்றவை. பொடியாக நறுக்கிய பெரிய வெங்காயம் 2, பூண்டு 4 பல், 425 கிராம் டின் தக்காளி சாஸ் ஒன்று, வினிகர் 2 மேசைக்கரண்டி, வூஸ்டர்ஷர் சாஸ் 1 மேசைக்கரண்டி, இனிப்பில்லாத கோகோ 1 மேசைக்கரண்டி. பட்டைத்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, சீரகத்தூள் 1, ஆல்ஸ்பைஸ் அரை, கிராம்புத்தூள் கால், உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி. பே இலை 2. கிராம்பைக் கண்ணளவாகப் போடாதீர்கள். கொஞ்சம் கூடினாலும் மற்ற மணத்தையெல்லாம் அமுக்கிவிடும்.

காரம் ஏறியதற்குக் காரணம் பெரும்பாலும் மிளகாய்த்தூள்தான். அமெரிக்கக் குறிப்புகளில் 2 மேசைக்கரண்டி 'சில்லி பவுடர்' என்று இருக்கும். அது மிளகாயோடு சீரகம், ஓரிகனோ, பூண்டுத்தூள் கலந்த சாதுவான பொடி. நம் தனிமிளகாய்த்தூளை அதே அளவு போட்டால் வாயில் வைக்க முடியாது. அதற்குப் பதில் காஷ்மீரி மிளகாய்த்தூள் 2 தேக்கரண்டி, சீரகம் இன்னும் அரைத் தேக்கரண்டி, ஒரு சிட்டிகை ஓரிகனோ போதும். இன்னொரு குழப்பமும் உண்டு. ஆல்ஸ்பைஸ் என்பது கரம் மசாலா அல்ல. அது ஒரே மரத்தின் உலர்ந்த காய். கரம் மசாலாவின் ஏலக்காய் வாசனை இங்கே ஒட்டவே ஒட்டாது.

எல்லாவற்றையும் கறியோடு சேர்த்து, பாதி மூடி, சிறு தீயில் 3 மணி நேரம். பிறகு இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைத்து, மேலே உறையும் கொழுப்பை வழித்தெடுங்கள். இதை விட்டால் தட்டில் எண்ணெய் மிதக்கும். மறுநாள் மூடாமல் சூடாக்குங்கள். கரண்டியின் பின்புறம் விரலால் கோடிழுத்தால் கோடு மூடாமல் நிற்க வேண்டும். அந்தப் பதம் வரும்வரை வற்றவிட்டால் ஸ்பகெட்டிக்கு அடியில் தண்ணீர் ஓடாது.

பெயரில் 'சில்லி' இருந்தாலும் இதன் உறவு டெக்சாஸ் மாநிலத்துக் காரச் சில்லியோடு அல்ல, பட்டை போட்ட கிரேக்க இறைச்சிச் சாஸோடு. மாசிடோனியாவிலிருந்து வந்த கிராஜீஃப் சகோதரர்கள் 1922ல் சின்சினாட்டியில் எம்ப்ரஸ் என்ற நாடக அரங்கத்தை ஒட்டித் திறந்த கடையில் தொடங்கியது இது. 1949ல் ஸ்கைலைன் என்ற சில்லிக் கடையைத் தொடங்கிய லாம்ப்ரினிடிஸ் கிரேக்கர். அதனால் இதைக் குழம்பாக நினைக்காமல் ஸ்பகெட்டிக்கான சாஸாக நினைத்துச் செய்யுங்கள்.

ஸ்பகெட்டி, சில்லி, மேலே செடார் சீஸ் வைத்தால் கடைகளில் அதற்குப் பெயர் த்ரீ-வே. வெங்காயமோ பீன்ஸோ சேர்ந்தால் ஃபோர்-வே, இரண்டும் சேர்ந்தால் ஃபைவ்-வே. சீஸை நீங்களே மெல்லிய இழையாகத் துருவுங்கள். பாக்கெட் துருவலில் ஒட்டாமலிருக்கத் தூவிய மாவு, சரியாக இளகவிடாது. தட்டில் கிளறவும் கூடாது. முள்கரண்டியின் ஓரத்தால் வெட்டி, எல்லா அடுக்கும் ஒரு வாயில் வரும்படி எடுக்க வேண்டும்.

கெட்டா இந்த ஊர் ஜெர்மன் குடியேறிகளின் காலை உணவு. கொஞ்சம் கறியை ஓட்ஸோடு சேர்த்துப் பல வேளைக்கு நீட்டிக்கும் சிக்கனம். நீங்கள் தட்டையான ஓட்ஸ் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது கரைந்து கூழாகிவிடும். நொய் போல உடைத்த 'ஸ்டீல்-கட்' ஓட்ஸ்தான் வேண்டும். 8 கப் நீர் கொதித்ததும் இரண்டரைக் கப் ஓட்ஸ், 1 மேசைக்கரண்டி உப்பு, மிளகுத்தூள் போட்டு, மூடி, சிறு தீயில் 2 மணி நேரம். பிறகு பன்றிக் கொத்துக்கறியும் மாட்டுக் கொத்துக்கறியும் 450 கிராம் வீதம், ஒரு வெங்காயம், 4 பே இலை சேர்த்து இன்னும் ஒரு மணி நேரம், அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே. கரண்டியை நட்டால் சாயாமல் நிற்கும்போது இலைகளை எடுத்துவிட்டு பிரெட் அச்சில் கொட்டி, ஒரு இரவு குளிரவிடுங்கள்.

மறுநாள் அரை அங்குலத் துண்டாக வெட்டி, இரும்பு வாணலியில் மிதமான தீயில் வையுங்கள். 7, 8 நிமிடம் தொடாதீர்கள். அடி ஒட்டியிருந்தால் இன்னும் வேகவில்லை என்று அர்த்தம். ஓரம் பழுப்பாகி, தோசைத்திருப்பியை நுழைத்ததும் தானாக விட்டுவந்தால், அப்போது ஒரே ஒருமுறை திருப்புங்கள்.