காயம் ஒன்றுதான், ஆனால்...

அன்புள்ள ஐயா,

பக்கவாதத்துக்குப் பிறகு வரும் அஃபேசியா என்ற பேச்சிழப்பைப் பற்றி எழுதியபோது, ஸ்பானிஷ் சோதனைகளில் நோயாளியின் படிப்பையும் வயதையும் பார்த்துத்தான் மதிப்பெண்ணைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றீர்கள். மூளைக்காயம் எல்லோருக்கும் ஒன்றுதானே? படிக்காதவருக்குத் தனி அளவுகோல் வைப்பது அவரை மட்டம் தட்டுவது ஆகாதா?

கவிதா

அன்புள்ள கவிதா,

காயம் ஒன்றுதான். ஆனால் சோதனை காயத்தை நேரடியாகப் பார்ப்பதில்லை. கோட்டோவியத்தைக் காட்டிப் பெயர் கேட்கிறது, வாசிக்கச் சொல்கிறது, சொல்வதை எழுதச் சொல்கிறது. பெரும்பாலும் பள்ளிக்கூடத்தில் பழகும் வேலைகள்.

ஆய்வாளர்கள் மோனிகா ரொசெல்லி, அல்ஃபிரெடோ ஆர்டிலா குழுவினர் கொலம்பியாவில் 180 பேருக்கு பாஸ்டன் அஃபேசியா சோதனையின் ஸ்பானிஷ் வடிவத்தைக் கொடுத்துப் பார்த்து, 1990இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அந்த 180 பேரும் நோயாளிகள் அல்ல. படித்த ஆண்டுகளை வைத்து 5 வரை, 6 முதல் 12, அதற்கு மேல் என்று பிரித்தார்கள். பெரும்பாலான பகுதிகளில் மதிப்பெண் படிப்போடு சேர்ந்தே ஏறியது. வயதுக்கும் பங்கு இருந்தது.

எழுத்துப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பானிஷில் வீட்டுக்கு ஒரு சொல், வேட்டைக்கு ஒரு சொல். எழுத்தில் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஸ்பெயினின் மாட்ரிட்டில் வேட்டைக்கான சொல்லை நாக்கைப் பல்லிடையே வைத்துச் சொல்வார்கள், காதே பிரித்துவிடும். கொலம்பியாவின் பொகோட்டாவில் இரண்டுமே ‘காசா’தான். நமக்கு ரகர, றகரம் மாதிரி, எழுதிப் பழகியவருக்குத்தான் தெரியும். இரண்டாம் வகுப்போடு வயலுக்குப் போனவர் இதை மாற்றி எழுதினால், அந்தப் பிழை பக்கவாதத்தால் வந்ததா?

ஊரும் குறுக்கே வரும். நூல் கட்டிப் பறக்கவிடும் காற்றாடியின் படத்தைப் பார்த்து மெக்சிகோக்காரர் ‘பாப்பலோத்தே’ என்பார், கொலம்பியாக்காரர் ‘கொமேத்தா’ என்பார். விடைத்தாளில் ஒரு சொல் மட்டும் இருந்தால் இவர்களில் ஒருவருக்கு மதிப்பெண் போய்விடும்.

சரி, மட்டம் தட்டுவதா என்று கேட்டீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பொது அளவுகோல் படித்தவரையும் கைவிடுகிறது. நாற்பது வருஷம் பாடம் நடத்திய பேராசிரியருக்குச் சொற்கள் நழுவத் தொடங்கியிருக்கலாம். ஆனாலும் அவர் மதிப்பெண் எல்லைக்கோட்டைத் தாண்டிவிடுவார். ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், சிகிச்சை தள்ளிப்போகும்.

ஒன்றில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ‘5 வரை’ என்ற பிரிவுக்குள் பள்ளி வாசலையே மிதிக்காதவரும் ஐந்தாம் வகுப்பை முடித்தவரும் சேர்ந்து நிற்கிறார்கள். வாசிக்கத் தெரியாதவரையும் தெரிந்தவரையும் ஒரே பிரிவில் போடக்கூடாது. அங்கே இன்னும் நுணுக்கமாகப் பிரிக்கத்தான் வேண்டும்.

அன்புடன்.