மாமியார் மாத்திரை டப்பாவைப் பார்க்கிறார்!

கேள்வி: ஐந்து மாத கர்ப்பிணி நான். எச்.ஐ.வி. இருப்பதாகச் சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். சின்ன கிராமம், ஒரு வீட்டுப் பேச்சு மறுநாள் ஊர்ப் பேச்சு. மாமியார் டப்பாவை எடுத்து 'இது எதுக்கு?' என்கிறார். கணவருக்கும் தெரியாது. யாரிடம் சொல்வது?

பதில்: முதலில் மாத்திரை, பேச்செல்லாம் அப்புறம். சிகிச்சையே இல்லாவிட்டால் குழந்தைக்குத் தொற்ற 15 முதல் 45 சதவீதம் வாய்ப்பு உண்டு, ஒழுங்காக மருந்து எடுத்தால் அது 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும், அதனால் யாருக்குப் பயந்தும் ஒரு வேளைகூட விடாதீர்கள்.

மாமியாருக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்றில்லை. 'குழந்தைக்கு நல்லதுன்னு டாக்டர் கொடுத்தது' என்றால் போதும், அது பொய்யும் இல்லையே! வேறு டப்பாவுக்கு மாற்றுவதென்றால் மருந்து தருபவரிடம் கேட்டுவிட்டு மாற்றுங்கள், சில மாத்திரைகளுக்கு ஈரம் ஆகாது.

கணவர் விஷயம் வேறு. அவரும் டெஸ்ட் எடுக்க வேண்டும். முதலில் தெரிந்தது உங்களுக்கு என்பதாலேயே நோயைக் கொண்டுவந்தது நீங்கள் என்று ஆகிவிடாது, ஆனால் பழி அப்படித்தான் விழும். அதனால் தனியாகச் சொல்லாமல், இருவரையும் உட்கார வைத்துப் பேசும்படி, மாத்திரை தரும் ஆஸ்பத்திரியில் இருக்கும் ஆலோசகரிடம் கேளுங்கள். கை ஓங்குகிற ஆள் என்றால் அவசரப்படாதீர்கள், அதையும் ஆலோசகரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அதுவரை ஆணுறை அவசியம்.

பிரசவம் பார்ப்பவர்களிடம் மட்டும் மறைக்கவே கூடாது. வேறு ஊரில் பிரசவம் என்றால் சிகிச்சைச் சீட்டையும் எடுத்துப் போங்கள், பிறந்ததுமே குழந்தைக்கு மருந்து ஆரம்பிக்க வேண்டும்.