தத்தனேரியில் வராத கண்ணீர்

அன்புள்ள ஐயா,

‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’ ஆவணப்படத்தைப் போன வாரம்தான் பார்த்தேன். ரகு என்ற யானைக்குட்டியை, அதை வளர்த்த பொம்மன், பெள்ளியிடமிருந்து பிரித்துக் கொண்டுபோகும் இடத்தில் அடக்க முடியாமல் அழுதேன். எட்டு மாதம் முன்பு அப்பாவுக்குத் தத்தனேரியில் கொள்ளி வைத்தபோது ஒரு சொட்டு வரவில்லை. பெற்றவருக்கு வராதது யானைக்கு வருகிறதென்றால் நான் என்ன பிள்ளை? அம்மாவுக்கும் இந்தப் படத்தைக் காட்டலாமா?

– பெயர் வேண்டாம், செல்லூர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

அன்று உங்களை அழ யார் விட்டார்கள்? ஐஸ் பெட்டிக்குச் சொல்ல வேண்டும், பந்தல்காரரிடம் பேச வேண்டும், சென்னை அத்தை வந்து சேரும்வரை எடுக்கக் கூடாது. நடுவில் யாராவது வந்து போஸ்டருக்குப் போட்டோ கேட்பார். நம்மூரில் ஆண்கள் ‘கண்ணீர் அஞ்சலி’ போஸ்டரில் அழுவதோடு சரி.

பெண்களுக்கு வேறு ஏற்பாடு இருந்தது. உசிலம்பட்டிப் பக்கம் கேதம் கேட்கப் போகும்போது அப்பத்தா என்னையும் இழுத்துக்கொண்டு போகும். செத்தவரை அதற்குச் சரியாகத் தெரிந்துகூட இருக்காது. ஆனால் தோளோடு தோள் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்ததும் ஒப்பாரி பீறிடும். நாலு வரிக்குள் செத்தவர் பெயர் போய், என்றைக்கோ கிணற்றில் விழுந்து இறந்த என் சித்தப்பா பெயர் வந்துவிடும். யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. அந்த வட்டத்தில் அத்தனை பேரும் அவரவர் வீட்டுச் சாவைத்தான் அழுதுகொண்டிருந்தார்கள்.

நீங்களும் அதைத்தான் செய்திருக்கிறீர்கள். கேத வீடு, படத்தில் வரும் தெப்பக்காடு யானை முகாமில் இருந்தது, அவ்வளவுதான்.

அதுவும் லேசுப்பட்ட வீடு இல்லை. பெள்ளி கணவரையும் மகளையும் பறிகொடுத்தவர். தாயில்லாத ரகுவை வளர்க்க வந்த இடத்தில்தான் அவருக்கும் பொம்மனுக்கும் கல்யாணமே கூடி வருகிறது. அந்தப் பிள்ளையையும், கொஞ்சம் வளர்ந்ததும், வனத்துறை வேறு பாகனிடம் கொடுத்துவிடுகிறது. இயக்குநர் கார்த்திகி கொன்சால்வ்ஸ் இதற்காக யாரையும் வில்லனாக்கவில்லை, எனக்குப் பிடித்தது அது. இசைதான் கொஞ்சம் தூக்கல்; முதுமலைக் காட்டின் சத்தமே போதும். சரி, 2023இல் ஆஸ்கர் வாங்கிய படத்துக்கு நான் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது.

அம்மாவுக்குக் காட்டுங்கள். தமிழில்தான் பேசுகிறார்கள், நாற்பது நிமிடம்தான். பக்கத்திலேயே உட்கார்ந்து பாருங்கள். ரகுவைக் கூட்டிப்போகும் இடம் வரும்போது காபி போடுகிறேன் என்று எழுந்து போய்விடாதீர்கள்.