கொரோனா ஊரடங்கில் கை, மணிக்கட்டுக் காயங்கள் கூடினவா, குறைந்தனவா?

மொத்தத்தில் குறைந்தன, ஆனால் காயத்தின் சாயல் மாறியது. பிரிட்டனைப் பாருங்கள். 2020 மார்ச் 23-ல் ஊரடங்கு அறிவித்ததும் தொழிற்கூடம், கால்பந்து மைதானம், சாலை எல்லாம் வெறிச்சோடின; அங்கே படும் அடிகளும் குறைந்தன. சரி, வீட்டில் அடைபட்டவர்கள் சும்மா இருந்தார்களா? தோட்டக் கொட்டகையில் கிடந்த மின்ரம்பத்தை எடுத்தார்கள், வேலியைச் சீர்செய்தார்கள், விரலை அறுத்துக்கொண்டார்கள். ரம்பம் ஆழமாகப் பட்டால் தசைநாண், நரம்பு, எலும்பு என எதுவும் தப்பாது. நாலு தையலோடு முடிகிற காயமல்ல அது.

முதியவர்களின் மணிக்கட்டு முறிவு மட்டும் மற்றவை அளவுக்குக் குறையவில்லை. குளியலறையில் வழுக்கி விழ ஊரடங்கு தடையா என்ன?

அப்புறம், சிகிச்சையும் மாறியது: முடிந்தவரை அறுவைக்குப் பதில் மாவுக்கட்டு, பிரிக்க மறுபடி வரத் தேவையில்லாத, தானாகக் கரையும் தையல்.