வெளியே தெரியாத டேஷ்கேம் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

காரின் முன்கண்ணாடியில் ஒட்டினாலும் கண்ணில் படாத டேஷ்கேம் (சாலையைப் படம்பிடிக்கும் கார் கேமரா) வேண்டும், வடிவமைப்பில் எதைக் கவனிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அளவை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். கேமராவைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் தொங்கும் ஒயர்தான். அதைக் கூரை ஓரமாகச் செருகி, முன்கண்ணாடியின் பக்கத் தூண் வழியாக இறக்குவார்கள். தூணுக்குள் ஏர்பேக் இருந்தால் ஒயர் அதன் பின்னால் போக வேண்டும், முன்னால் அல்ல. இதில் அலட்சியம் வேண்டாம்.

வடிவம் என்றால் வியோஃபோ ஏ119 வி3 நல்ல உதாரணம். ஆப்பு போன்ற உடல் கண்ணாடிச் சரிவோடு படிந்து, பின்னால் வரும் வண்டிகளைப் பார்க்கும் உள்கண்ணாடிக்குப் பின்னால் ஒதுங்கிவிடும். திரையும் உண்டு. கார்மின் மினி 2 கார் சாவி அளவுதான், ஆனால் திரை கிடையாது. லென்ஸ் கோணத்தைச் சரிபார்க்கக்கூட போனை எடுக்க வேண்டும். எனக்கு அது தொல்லை, சிலருக்கு அதுவே வசதி.

அப்புறம் வெயில். மூடிய கார் அடுப்பு மாதிரி கொதிக்கும்; லித்தியம் பேட்டரி உப்பிவிடலாம். ஏ119-இல் இருப்பது போல, பேட்டரிக்குப் பதிலாக மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் சூப்பர் கெபாசிட்டர் உள்ளதையே எடுங்கள்; அது வெப்பத்தை நன்றாகத் தாங்கும்.

ஒட்டும் இடமும் முக்கியம். கண்ணாடி மேல்விளிம்பின் கறுப்புப் புள்ளிகள் மீது பசை சரியாகப் பிடிக்காது. லென்ஸ் வைப்பர் துடைக்கும் பகுதிக்குள் இருக்கட்டும், இல்லாவிட்டால் மழையில் வெறும் நீர்த்துளிதான் பதிவாகும்.