காரில் ஃபியூஸ் போனால்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: சார், வைப்பர் திடீரென்று நின்றுவிட்டது. மோட்டார் போய்விட்டதா, ஃபியூஸ்தானா? எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ஸ்விட்சைப் போட்டுவிட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள். உர்ரென்று மோட்டார் சத்தம் வந்தால் கரண்ட் போகிறது, ஃபியூஸ் நன்றாகத்தான் இருக்கிறது. கொஞ்ச நாளாகவே திணறித் திணறி ஓடி நின்றிருந்தால் மோட்டார் மேல்தான் சந்தேகம். ஒரு சத்தமும் இல்லாமல் சட்டென்று நின்றிருந்தால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள்.

கேள்வி: அந்த ஃபியூஸ் எங்கே இருக்கும் அண்ணா?

பதில்: பெரும்பாலான கார்களில் இரண்டு பெட்டிகள் உண்டு. ஒன்று டேஷ்போர்டுக்குக் கீழே, இன்னொன்று பானெட்டுக்குள், பேட்டரிக்குப் பக்கத்தில். எந்த ஃபியூஸ் எதற்கு என்பது மூடியின் உள்பக்கத்திலோ காரோடு வந்த கையேட்டிலோ இருக்கும். ஊகித்து ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டாம்.

கேள்வி: கழற்றிப் பார்த்தேன், கம்பி முழுசாக இருப்பது போலத்தான் தெரிகிறது. ஆனால் ஹாரன் வேலை செய்யவில்லை.

பதில்: கண்ணை மட்டும் நம்பாதீர்கள். இரண்டு கால்களையும் இணைக்கும் மெல்லிய பட்டை நடுவில் அறுந்து, ஓரத்தில் கருப்பாகப் புகை படிந்திருந்தால் சந்தேகமே இல்லை. ஆனால் சில சமயம் மயிரிழை போல விரிசல் விட்டிருக்கும், வெளிச்சத்தில் பிடித்தாலும் தெரியாது. ஃபியூஸின் தலையில் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் தெரிகின்றன அல்லவா? சோதிப்பதற்காகத்தான் அவற்றை மூடாமல் விட்டிருக்கிறார்கள். ஃபியூஸைத் திரும்பச் செருகி, சாவியை ஆன் செய்யுங்கள். டெஸ்ட் லேம்ப், அதாவது ஒரு பக்கம் கிளிப்பும் மறுபக்கம் கூர் முனையும் உள்ள சின்ன சோதனை விளக்கு வேண்டும். அதன் கிளிப்பை பாடியின் வெறும் உலோகத்தில் மாட்டி, முனையால் இரண்டு புள்ளிகளையும் தொடுங்கள். இரண்டிலும் எரிந்தால் ஃபியூஸ் சரி. ஒன்றில் மட்டும் எரிந்தால் போய்விட்டது. இரண்டிலும் எரியவில்லை என்றால் அந்த ஃபியூஸுக்கே கரண்ட் வரவில்லை, அதற்கு முன்னால் தேட வேண்டும்.

மாற்றும்போது சாவியை ஆஃப் செய்துவிடுங்கள். பெட்டிக்குள்ளேயே சின்ன பிளாஸ்டிக் இடுக்கி இருந்தால் அதால் நேராக மேலே இழுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் பக்கத்து முனையில் பட்டு ஷார்ட் ஆகலாம்.

கேள்வி: 10 ஆம்ப்ஸ் ஃபியூஸ் அடிக்கடி போகிறது. 20 போட்டால் நிற்கும் என்கிறார் நண்பர். போடலாமா?

பதில்: போடவே கூடாது. இதை எத்தனை முறை கேட்டாலும் பதில் சொல்வேன், ஏனென்றால் கார் தீப்பிடிக்கும் விஷயம் இது. வயரின் தடிமனைப் பார்த்துத்தான் ஃபியூஸின் அளவை வைக்கிறார்கள். வயர் சூடாகி உருகுவதற்கு முன் ஃபியூஸ் அறுந்துவிட வேண்டும், அதன் வேலையே அதுதான். பெரிய ஃபியூஸ் போட்டால் வயரே ஃபியூஸாகிவிடும்.

ஒரு காரின் டேஷ்போர்டைக் கழற்றியபோது நானே பார்த்தேன். சிவப்பு 10 இருக்க வேண்டிய இடத்தில் பச்சை 30 உட்கார்ந்திருந்தது. பின்னால் நாலைந்து வயர்கள் தோல் உருகி ஒரே கயிறாக ஒட்டிக்கொண்டிருந்தன. ஃபியூஸ் மட்டும் புதுசு போல இருந்தது. அறுந்த ஃபியூஸில் சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாள், வயர் துண்டு சுற்றுவதும் இதே கதைதான்.

அப்புறம், அடிக்கடி போகிறது என்றால் காரணம் இருக்கிறது. அது சார்ஜர் சாக்கெட் ஃபியூஸ் என்றால் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள், நாணயம் விழுந்து கிடக்கும். டயருக்குக் காற்றடிக்கும் சின்ன கம்ப்ரஸரை அதில் செருகுகிறீர்களா? 12 வோல்ட்டில் 10 ஆம்ப்ஸ் என்றால் மொத்தமே 120 வாட்ஸ்தான், பல கம்ப்ரஸர்கள் அதைத் தாண்டும். டிக்கி விளக்கு ஃபியூஸ் என்றால் கீல் அருகே வயர் மடங்கி மடங்கித் தோல் உரிந்திருக்கும். புது ஃபியூஸும் உடனே போனால் மூன்றாவதைப் போட வேண்டாம், ஷார்ட்டைத் தேடுங்கள்.

கேள்வி: நிறத்தை வைத்து அளவு சொல்ல முடியுமா?

பதில்: முடியும். பிளேடு ஃபியூஸில், அதாவது இரண்டு தட்டையான கால்கள் உள்ள இந்த பிளாஸ்டிக் ஃபியூஸில், 7.5 ஆம்ப்ஸ் பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. ஆனாலும் தலையில் உள்ள எண்ணைப் படியுங்கள். நிறம் ஒன்றாக இருந்தாலும் மினி, சாதாரணம் என்று உருவம் வேறுபடும், பழையதைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஃபியூஸ் அறுந்திருக்கவில்லை, பிளாஸ்டிக் மட்டும் உருகியிருக்கிறது.

பதில்: பெரும்பாலும் பிடிமானம் தளர்ந்திருக்கும். கால் இறுக்கமாக உட்காராத இடத்தில் சூடேறும். புது ஃபியூஸ் மட்டும் போட்டால் அதுவும் உருகும். கால் செருகும் அந்த டெர்மினலை மாற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: நடு வழியில், ராத்திரி, ஹெட்லைட் ஃபியூஸ் போய்விட்டது. ஸ்பேர் இல்லை. என்ன செய்வது?

பதில்: பெட்டியின் மூடியைப் பாருங்கள், சில கார்களில் அங்கேயே ஸ்பேர் இருக்கும். இல்லையென்றால் சார்ஜர் சாக்கெட், ஆடியோ போன்ற அவசியமில்லாத இடத்திலிருந்து அதே ஆம்ப்ஸ், அதே உருவத்தில் ஒன்றைக் கடன் வாங்குங்கள். பிரேக், ஏர்பேக் என்று எழுதியதைத் தொடாதீர்கள். வீடு போய்ச் சேர்ந்ததும் மறக்காமல் புதியது வாங்கி இரண்டு இடத்தையும் நிரப்பிவிடுங்கள்.