ஊமை மின்னலும் கிடையில் செத்த குட்டிகளும்

கேள்வி: அண்ணாச்சி, வணக்கம். நாங்குநேரிக்கு மேற்கே வயக்காட்டுல ஆட்டுக்கிடை போட்டிருக்கேன். செவ்வாடு அறுபது உருப்படி. பங்குனி கடைசியில இருந்து ராத்திரி ஏழு, எட்டு மணிக்கு மேல மலைப்பக்கம் விடாம மின்னுது. இடிச்சத்தம் கிடையாது. தலைக்கு மேல நட்சத்திரம் தெரியுது, ஒரு பொட்டு மழை இல்ல. போன வாரம் அப்படி மின்னின ரெண்டு ராத்திரி, விடிஞ்சு பார்த்தா கிடாய்க்குட்டி செத்துக் கிடக்கு. மொத்தம் மூணு. பக்ரீத் சந்தைக்குன்னு தனியாப் பிரிச்சு, கடைத் தீவனம் போட்டுத் தேத்தின குட்டிக. உடம்புல ஒரு காயம் இல்ல. ஊமை மின்னல் அடிச்சிட்டுன்னு ஊர்ல சொல்லுதாவ. கிடைக்கு நடுவுல நட்டா மின்னலை இழுத்துக்கிடும்னு தீவனக் கடைக்காரர் ஒரு செம்புக் கம்பியை நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குத் தாரேங்காரு. வாங்கலாமா? மின்னல் ஏன் இப்படிச் சத்தமில்லாம அடிக்குது?

பதில்: தம்பி, கம்பி வாங்காதீர்கள். மற்றதை மெதுவாகச் சொல்கிறேன்.

நீங்கள் பார்ப்பது நம்ம ஊர் மின்னலே இல்லை. மலைக்கு அந்தப் பக்கம், நெடுமங்காடு, பாலோடு, புனலூர் வட்டாரத்து மின்னல். சித்திரை வெயிலில் மதியம் தரை கொதிக்கிறது. அரபிக்கடலில் இருந்து ஈரக்காற்று கரையேறி, மலைச்சரிவில் முட்டி, செங்குத்தாக மேலே போகிறது. பொழுது சாய்வதற்குள் பதினைந்து கிலோமீட்டர் உயரத்துக்குக் கூட மேகம் கட்டிவிடும். தென்மேற்குப் பருவமழைக்கு முந்தின இந்த இரண்டு மாதமும் கேரளத்தில் சாயங்கால இடிமழைக் காலம். நாம் மழை மறைவில் இருக்கிறோம். அவர்களுக்கு மழை, நமக்கு வேடிக்கை.

வெயிலுக்குத்தான் மின்னுது என்று நம் பக்கம் சொல்வார்கள். அதில் பாதி சரி. வெயில் மேகத்தைக் கட்டும், ஆனால் வெறும் வெயில் மின்னாது. மின்னலை உண்டாக்குவது மேகத்தின் வயிற்றுக்குள் இருக்கிற பனிக்கட்டி. உறைநிலைக்கும் கீழே பத்து, இருபது டிகிரி குளிர் இருக்கிற உயரத்தில் பொடிப் பனித்துகளும் குருணைப் பனியும் ஒன்றோடொன்று உரசிக்கொள்கின்றன. லேசான துகள் நேர்மின்னேற்றத்தோடு மேலே போகிறது, கனமான குருணை எதிர்மின்னேற்றத்தோடு கீழே தங்குகிறது. இந்தப் பிரிவினை முற்றிப்போய் வெடிப்பதுதான் மின்னல். மேகம் இல்லாத வானத்தில் அது பிறக்காது. உங்கள் தலைக்கு மேல் நட்சத்திரம் தெரிகிறது என்றால் மேகம் வேறு எங்கோ நிற்கிறது என்று அர்த்தம்.

எவ்வளவு தூரம்? நாங்குநேரியில் இருந்து நெடுமங்காடு நேர்கோட்டில் எழுபது கிலோமீட்டருக்கு மேல். இடிச்சத்தம் பொதுவாகப் பதினைந்து, மிஞ்சினால் இருபத்தைந்து கிலோமீட்டர்தான் காதுக்கு எட்டும். தரையோரக் காற்று சூடு, மேலே குளிர். குளிர்ந்த காற்றில் சத்தம் மெதுவாகப் போவதால் அதன் பாதை மேல்நோக்கி வளைந்து நம் தலைக்கு மேலே கடந்துவிடுகிறது. வெளிச்சத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. பொதிகையின் அகத்தியர் மலை 1,868 மீட்டர். உங்கள் கிடையில் இருந்து பார்த்தால் அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலேதான் நிற்கும். அதற்குப் பின்னால் பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிற மேகத்தின் தலை மலைக்கு மேலே எட்டிப் பார்க்கும். அடியை மலை மறைத்துவிடுவதால் வெட்டுகிற கோடு தெரியாது. மேகத்தலை உள்ளிருந்து பளிச்சென்று சிவக்கும், அணையும், அவ்வளவுதான். தூர வெளிச்சம் நிறையக் காற்றைக் கடந்து வருவதால் அந்தச் செம்மஞ்சள் நிறம்.

எழுபது கிலோமீட்டருக்கு அப்பால் வெட்டுகிற மின்னல் உங்கள் குட்டியைக் கொல்லாது. கொன்றது எது?

கிடைக்குள் மின்னல் விழுந்திருந்தால் இரவில் ஊரே எழுந்திருக்கும். சத்தமில்லாமல் பக்கத்தில் விழுகிற மின்னல் கிடையாது. அதோடு, ஆடு நெருக்கியடித்துப் படுக்கிற சாதி. பனை மூட்டிலோ கம்பி வேலி ஓரத்திலோ மின்னல் இறங்கினால் மின்சாரம் தரைவழியாகப் பரவி, முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையில் உடம்புக்குள் பாயும். பத்து இருபது உருப்படி ஒரே இடத்தில் குவியலாகக் கிடக்கும். அறுபதில் மூன்றை, அதுவும் இரண்டு ராத்திரியில், அதுவும் நன்றாகத் தேறினதாகப் பார்த்துப் பொறுக்கிக் கொல்லாது.

தேறினதாகப் பார்த்துக் கொல்கிற நோய் ஒன்று இருக்கிறது. துள்ளுமாரி. நீங்கள் கேட்டிருக்க வேண்டியது மின்னலைப் பற்றி இல்லை தம்பி, "கடைத் தீவனத்தை எப்படித் தொடங்கணும்" என்று கேட்டிருக்க வேண்டும். எந்தத் தேதியில் தொடங்கினீர்கள், எவ்வளவு வைத்தீர்கள் என்று கடிதத்தில் ஒரு வரி இல்லை. மின்னினதை மட்டும் மணிக்கணக்கோடு எழுதியிருக்கிறீர்கள்.

இந்த நோயை உண்டாக்குகிற நுண்கிருமி நல்ல ஆட்டின் குடலிலும் கொஞ்சம் இருக்கும், சும்மா இருக்கும். சோளமும் கம்பும் அரைத்த மாவு திடீரென்று வயிறு நிறையப் போனால், செரிக்காத மாவுச்சத்து குடலுக்கு இறங்கும். கிருமிக்கு அதுதான் விருந்து. சில மணி நேரத்தில் பெருகி விஷத்தைக் கக்கும். சாயங்காலம் நன்றாக மேய்ந்த குட்டி ராத்திரியில் துள்ளி விழுந்து, தலையைப் பின்னுக்கு இழுத்து, காலை உதைத்துச் செத்துவிடும். செத்த குட்டியைச் சுற்றி மண் பறிந்து கிடந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். கால் உதைத்த தடம் இருந்தால் என் சந்தேகம் இன்னும் பலமாகிறது. இளைத்த குட்டி தப்பிக்கும், அதற்குத் தொட்டியில் இடம் கிடைக்காது. முட்டித் தள்ளித் தின்கிற கிடாய்தான் முதலில் போகும்.

கடைக்காரர்களைப் பற்றி எனக்கு இருக்கிற கோபம் இங்கேதான். இருபது நாளில் எடை ஏறும் என்று மூட்டையை விற்கிறார்கள். முதல் நாள் ஒரு கைப்பிடி, இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று என்று சொல்வதில்லை. சொன்னால் இருபது நாள் கணக்கு இடிக்கும். குட்டி செத்தால் ஈரல் டானிக். டானிக் கொடுத்தும் செத்தால் இப்போது செம்புக் கம்பி. குட்டியைச் சாகடித்த மூட்டையும் அந்தக் கடைதான், பரிகாரமும் அந்தக் கடைதான். நான் அந்த வாசலை மிதிக்க மாட்டேன்.

நம் பக்கத்தில் குட்டி தேற்ற மூட்டை எதற்கு? மானாவாரி நிலமெல்லாம் உடை மரம் நிற்கிறது. இந்த மாதத்தில் துரட்டி போட்டு உலுக்கினால் உடங்காய் சலசலவென்று கொட்டும். காய்ந்த நெற்றை ஆடு நறுக் நறுக்கென்று மென்று தின்னும், அதில் புரதம் இருக்கிறது, நாரும் இருக்கிறது, வயிற்றை மெதுவாக நிரப்பும். அதோடு கடலைக்கொடி, உளுந்தம்பொட்டு. இந்த மூன்றையும் வைத்து நல்ல கிடாய் தேற்றி மேலப்பாளையம் சந்தைக்குக் கொண்டுபோன, ஆடு மேய்க்கிற கீதாரிகள் இன்றும் இருக்கிறார்கள். எடை கொஞ்சம் குறையும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சந்தைக்கு நடந்து போகும். சீமைக்கருவேல நெற்றை மட்டும் தனித்தீனியாக வயிறு முட்டப் போடாதீர்கள், அது வேறு தொல்லை.

மூட்டை வாங்கியாச்சு, என்ன செய்ய என்பீர்கள். இன்றைக்கே தொட்டியைக் காலி பண்ணுங்கள். இரண்டு நாள் வைக்கோலும் கடலைக்கொடியும் மட்டும். பிறகு குட்டிக்கு ஒரு கைப்பிடியில் தொடங்கி, இரண்டு வாரத்தில் ஏற்றலாம். எப்போதும் காய்ந்த தீனி தின்ற வயிற்றுக்குத்தான் மாவு. ஒரே தொட்டியில் எல்லாம் முட்டாமல் நீளமாகப் பரப்பி வையுங்கள். நாளை கோடை மழை பெய்து இளம்புல் முளைத்தால் அதற்கும் இதே சட்டம், வெறும் வயிற்றோடு பச்சையில் விடக்கூடாது.

தடுப்பூசி இருக்கிறது. நம் மாநிலத்திலேயே இராணிப்பேட்டை கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையத்தில் தயாரிக்கிறார்கள். முதல் தடவை போடுகிற ஆட்டுக்கு இரண்டு ஊசி, இடையில் இரண்டு மூன்று வாரம். பிறகு வருடம் ஒன்று, மழைக்கு முன்னால். ஊசி போட்ட மறுநாளே காப்பு வராது, பத்துப் பதினைந்து நாள் ஆகும். அதனால்தான் முதல் குட்டி செத்தபிறகு ஓடுகிற ஓட்டத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஊசி மருந்து ஐஸ் பெட்டியில் வருகிறதா என்று பாருங்கள், உறைந்துபோனதும் ஆகாது.

நான் கடிதத்தை வைத்துச் சொல்கிறேன். இன்னொரு குட்டி செத்தால் புதைக்காமல், உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள், அல்லது இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போங்கள். துள்ளுமாரியில் சிறுநீரகம் சீக்கிரமே குழைந்துபோகும், தாமதித்தால் சாதாரண அழுகலுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத கருத்த ரத்தம் வந்திருந்தால் மட்டும் நீங்கள் கத்தி வைக்கவே கூடாது, தூக்கிக்கொண்டு அலையவும் கூடாது. அது அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ் நோய்) இருக்கலாம், மனிதருக்கும் தொற்றும். மருத்துவர் அங்கேயே வரட்டும். செத்த குட்டியை எந்தக் காரணத்துக்கும் கறிக்குக் கொடுக்காதீர்கள்.

கம்பி ஏன் வேண்டாம் என்று ஒரு வார்த்தை. கட்டடத்துக்கு வைக்கிற இடிதாங்கி வேறு, ஒழுங்கான நில இணைப்போடு அது மின்சாரத்தைப் பாதுகாப்பாக இறக்கும். காய்ந்த செம்மண்ணில் இரண்டடி நட்ட கம்பியில் மின்னல் விழுந்தால், அது சுற்றிலும் தரையில் பரவும். அதைச் சுற்றித்தான் உங்கள் அறுபது உருப்படியும் படுத்திருக்கும்.

நிஜ இடிமழை ஒருநாள் மலை தாண்டி வரத்தான் செய்யும். மின்னல் கண்டதும் எண்ணுங்கள், மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் இடி கேட்டால் ஒற்றைப் பனை மூட்டில் இருந்தும் கம்பி வேலியில் இருந்தும் ஆட்டை விலக்கித் தாழ்வான வெட்டவெளிக்கு ஓட்டுங்கள். துரட்டியைக் கீழே போட்டுவிட்டு நீங்கள் நல்ல கட்டடத்துக்குள்ளோ மூடின வண்டிக்குள்ளோ போய்விடுங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தால் போதும். புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் 'தாமினி' செயலி இருபது, நாற்பது கிலோமீட்டருக்குள் விழுகிற மின்னலைக் காட்டும், காசு இல்லை.

பக்ரீத்துக்கு விற்கிற கிடாய்களுக்கு ஊசி போடும்போது, எந்தத் தேதியில் விற்கப்போகிறீர்கள் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தாய் ஆடுகளையும் விடாமல் சேர்த்துப் போடச் சொல்லுங்கள்.